பாடை முந்திய பாட்டு

எழுபதுகளின் கடைசியில் போடியில் எங்கள் பேண்டு செட்டில் ஆறு பேர். கிளாரினெட் என்னுடையது, அதனால் மாஸ்டரும் நானே. கல்யாணத்துக்கும் வாசிப்போம், சாவுக்கும் வாசிப்போம். சாவு வீட்டில் மற்ற செட்டுக்காரர்கள் சினிமாப் பாட்டைச் சோகமாக இழுப்பார்கள். தெருமுனை தாண்டியதும் அது டப்பாங்குத்து ஆகிவிடும். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். சாவுக்கென்று ஒரு பாட்டை நானே கட்டினேன்.

எல்லாரும் உச்சத்தில் அலறுகிறார்களே என்று சுருதியை இரண்டு கட்டை இறக்கினேன். கிளாரினெட் அடிக்குரலில் தொடங்கும், மேலே ஏறப் பார்க்கும், ஏறாமலே திரும்பிவிடும். ட்ரம்பெட் நடுவில் ஒரே ஒரு முறை வரும். பெரிய டிரம்முக்கு ஓர் அடி, பிறகு நீண்ட மௌனம், அப்புறம்தான் அடுத்த அடி. அழுகையை அடக்கிக்கொண்டு ஒருவர் பேசுவது போல இருக்கும். கட்டி முடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

சிலமலையில் ஒரு பெரியவரின் சாவில் அதை முதன்முதலாக வாசித்தோம். எங்கள் பக்கம் பேண்டு டிரம் அடிக்குக் கால் வைத்து முன்னால் போகும், பாடை பின்னால் வரும். தோளில் பாரம் வைத்திருப்பவர்கள் ஓட்டமும் நடையுமாகத்தான் வருவார்கள். பாட்டுக் கட்டும்போது அதை நான் யோசிக்கவே இல்லை. முதல் திருப்பத்திலேயே பாடை எங்கள் முதுகை இடித்தது.

"அண்ணே, தோளு கழண்டுரும். வெரசா வாசிங்க!"

நான் கேட்கவில்லை. பாடை எங்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டது. நாங்கள் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிக் காரியம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு போடியில் டீக்கடைக்குப் போனாலும், "பாடை போயிருச்சா மாஸ்டர்?" என்றுதான் கேட்டார்கள். பெரிய டிரம் அடித்த என் மச்சான்கூட, "கொஞ்சம் வேகத்தக் கூட்டிருவோம் மாப்ளே, யாருக்குத் தெரியப்போகுது" என்றான். "கூட்டுனா அது வேற பாட்டுய்யா" என்று கத்தினேன். மானம் போனாலும் பரவாயில்லை, பாட்டை மாற்ற எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில், மலையில் ஏலக்காய் எடுக்கப் போன அடிவாரத்துப் பெண் ஒருவர் காய்ச்சலில் இறந்துபோனார். ஜீப்பு தோட்டம் வரை ஏறாது. ஒற்றையடிப் பாதையில் கம்பில் தூளி கட்டித்தான் இறக்க வேண்டும். "எங்கக்கா பேண்டோடதான் எறங்கணும்" என்று அவருடைய தம்பி வந்து நின்றார். மற்ற செட்டுக்காரர்கள் மலையேற மாட்டோம் என்றுவிட்டார்கள். நாங்கள் போனோம்.

தம்பியும் இன்னொருவரும் தூளிக் கம்பைத் தோளில் ஏற்றினார்கள். மழை விட்ட சரிவு. குதிகாலை ஊன்றி, வழுக்காது என்று தெரிந்த பிறகே அடுத்த காலை எடுத்தார்கள். நான் முன்னால் நின்று என் பாட்டைத் தொடங்கினேன். கொஞ்ச தூரம் இறங்கியதும் திரும்பிப் பார்த்தேன். டிரம் விழும் இடத்தில் அவர்களுடைய கால் விழுந்தது. மௌனத்தில் அவர்கள் மூச்சு வாங்கினார்கள். சாவுக்கு வந்த இடத்தில் இப்படி ஒரு பெருமை வரலாமா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் வந்தது.

கீழே ரோட்டில் ஜீப்பு காத்திருந்தது. டிரைவர் பின்கதவைத் திறந்துவிட்டு, "ஏத்துங்கப்பு, வெரசா" என்றார்.

தம்பி கம்பைத் தோள் மாற்றிக்கொண்டார். "வண்டி பின்னால வரட்டும். நாங்க நடந்தே போறோம். மாஸ்டர், நிப்பாட்டிராதீங்க."

சமதளத்தில் நல்ல தார் ரோடு. வேகமாகப் போக ஒரு தடையும் இல்லை. ஆனாலும் அன்று ஊர் போய்ச் சேரும்வரை தூளி எங்களை முந்தவில்லை.