மூக்கில் எழுதிய எண்

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய ஞாயிறு வந்தாலே எனக்கு அலுப்புத் தட்டிவிடும். விமான அருங்காட்சியகத்தில் சீட்டுக் கிழிப்பவள் நான். அன்றைக்குத்தான் லியோகாடியா அம்மா கடற்கரை ஊரான கிதினியாவிலிருந்து ரயிலேறி வருவார். பையில் முட்டை வைத்த ரொட்டி, சாமந்தி, கண்ணாடிக் கூட்டுக்குள் கல்லறை மெழுகுவர்த்தி. வெளியே மழையில் நனைந்து நிற்கும் பழைய போர்விமானம் ஒன்றின் கீழே அதை ஏற்றுவார். இங்கே நெருப்பு கூடாது என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவேன். காதில் வாங்க மாட்டார்.

அவர் கணவர் யூரெக் கடற்படை விமானி. பால்டிக் கடலில் விழுந்தவரும் கிடைக்கவில்லை, விமானமும் கிடைக்கவில்லை. ஊரே கல்லறைக்குப் போகும் நாளில் இவருக்குப் போக இடமில்லை. எங்கள் விமானத்தின் மூக்கில் யூரெக் ஓட்டிய விமானத்தின் எண் இருந்தது. ஏதோ விழாவுக்காக யாரோ பூசிவிட்ட எண், விமானம் வேறு. தூரிகை கையில் கிடைத்தால் எங்கள் ஆட்களுக்குக் கேட்கவா வேண்டும்?

இந்த வருடம் வந்த புது இயக்குநர் அந்தப் பூச்சைச் சுரண்டி, விமானத்தின் சொந்த எண்ணை எழுதச் சொல்லிவிட்டார். அந்த அம்மாவிடம் யார் சொல்வது என்றதும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

ஞாயிறன்று வந்தவர் விமானத்தின் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பழையது பொய் எண், இது அவர் கணவர் ஓட்டிய விமானமே இல்லை என்று உளறிக் கொட்டினேன்.

"தெரியும்மா. அவர் விமானம் அவரோடதான் கிடக்குது. நம்பராவது இருக்கேன்னு வந்துட்டிருந்தேன்."

சுற்றுமுற்றும் பார்த்தேன். பரவாயில்லை, ஏற்றுங்கள், நான் பார்க்கவில்லை என்றேன். தீக்குச்சியை எடுத்தவர் நிறுத்தினார்.

"இதைக் கடைசியா ஓட்டினவரு உசுரோட இருக்காரா?"

பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். காலையிலிருந்து நின்ற களைப்பில் உண்மை வந்துவிட்டது. "இருக்காரும்மா. கோடையில பேரப்பிள்ளைங்களோட வந்தாரு."

"நல்லா இருக்கட்டும். உசுரோட இருக்கறவருக்குக் கல்லறை விளக்கு ஏத்தக் கூடாது."

தீப்பெட்டியை மூடி, சாமந்தியையும் பைக்குள் திணித்தார். ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. எதிரே ஈர பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்ப நான் எங்கேம்மா ஏத்துறது?" என்று என்னையே கேட்டார்.