கணேசன் சாரின் பாஸ்வேர்டு

பவானிபூரில் எங்கள் அரசு நிறுவன அலுவலகத்தில், வி.ஆர்.எஸ் என்ற விருப்ப ஓய்வு கொடுத்து யாரை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்பதே பேச்சாக இருந்த சமயம். எழுத்துகளைக் குலுக்கி ஆளுக்கொரு பாஸ்வேர்டு தரும் புரோகிராமை எழுதியவன் நான். முதல் பாஸ்வேர்டு, அங்கே மூத்தவரான கணேசன் சாருக்கு. அதில் வி, ஆர், எஸ் மூன்றும் வரிசையாக நின்றன.

சுற்றியிருந்த வங்காளிகளுக்குப் புரியாதபடி தமிழில் கேட்டார்: “யார் சொல்லி இதைப் போட்டே?”

“தானா விழுந்தது சார்” என்று, அவர் எதிரிலேயே மறுபடி ஓட்டினேன். அச்சு அசலாக அதே பாஸ்வேர்டு வந்தது.

ஒவ்வொரு தடவையும் குலுக்கலைத் தொடங்கிவைக்கும் எண்ணை மாற்றாவிட்டால் குலுக்கல் அதே வரிசையில்தான் வரும் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. திருத்தி, வேறொன்று கொடுத்தேன். அதை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

“இப்ப நாசூக்கா மறைச்சுட்டே.”

அவரைக் கோபிக்க முடியவில்லை. இப்போதெல்லாம், கம்ப்யூட்டர் தானாகச் செய்தது என்று யாராவது சொன்னால், இன்னொரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்கிறேன்.