கஸ்கனேட்

சின்னம்மாவைப் பெண் பார்க்க நான்காவதாக வந்தவர் குச்சவெளிக்காரர். துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டுபவர். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு விறாந்தையில் தேநீர்க் கோப்பையோடு இருந்து கதை சொன்னார்.

"வெள்ளைக்காரன்ட போர்க்கப்பல் ஒண்டு கரைதட்டி மூண்டு நாள் நிண்டது. ஒருத்தராலும் ஏலாமல் போச்சு. நான் போய் ஒரு கயிறுதான் கட்டினனான். கன்றுக்குட்டி மாதிரிப் பின்னால வந்திட்டுது!"

ஆங்கிலம் படிப்பிக்கும் சின்னம்மா கதவோரம் நின்று, "நல்ல கஸ்கனேட்" என்றார். வந்தவர் மகிழ்ந்து தலை குனிந்து நன்றி சொன்னார். அம்மா அர்த்தம் கேட்டபோது, தெரியாது என்று சொல்ல மனமில்லாத அப்பா, "நல்ல சொல்தான்" என்றார். அம்மா அப்போதே நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார். எட்டு வயதான நானோ, லெமனேட் போல ஏதோ குடிக்க வருமென்று குசினியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் வரவில்லை. அன்று பின்னேரம் சின்னம்மாவிடமே கேட்டேன்.

"பிரான்சில கஸ்கனி எண்டு ஒரு இடம். அங்கத்தை ஆக்கள் பெரிய புழுகர் எண்டு மற்ற ஊர்க்காரர் சொல்லுவினமாம். அதாலதான் புழுகுக்கு அந்தப் பேர் வந்தது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

அடுத்த ஞாயிறு குச்சவெளிக்காரர் ஒரு பெரிய பாரை மீனோடு வாசல் படலையடியில் வந்து நின்றார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கஸ்கனி முதல் புழுகர் வரை முழுவதையும் சொல்லிவிட்டேன்.

அவருடைய முகம் கறுத்தது. "ஏன், குச்சவெளியில புழுகர் இல்லையாமோ? எங்கட ஊர்ப் பேரில ஏன் ஒரு சொல் இல்லை?" என்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "முதல் வந்த ஆக்களுக்கும் இப்பிடித்தான் சொன்னவவோ?"

"இல்லை. அவைக்கு வேண்டாம் எண்டு மட்டும்தான் சொன்னவ."

அவர் சற்று யோசித்தார். பிறகு சிரித்தபடி மீனை என் கையில் தந்தார். "பிள்ளை, அது போர்க்கப்பல் இல்லை, தோணி எண்டு சின்னம்மாட்டைச் சொல்லுங்கோ. வாற ஞாயிறும் வருவன் எண்டும் சொல்லுங்கோ." உள்ளே வராமலே விசிலடித்துக்கொண்டு இறங்கிப் போனார். ஏச்சு வாங்கிய மனிதருக்கு இவ்வளவு சந்தோஷம் எங்கிருந்து வந்ததென்று எனக்கு விளங்கவில்லை.

காதைத் திருகப் போகிறார் என்ற பயத்தோடு சின்னம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் திருகவில்லை. "கடைசியா என்ன சொன்னவர்?" என்று கேட்டார். சொன்னேன். மறுபடியும் கேட்டார். சொன்னேன். மூன்றாம் முறையும் கேட்டபோது, வகுப்புப் பிள்ளைகளின் இரைச்சலில் சின்னம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டதென்றே நினைத்தேன். மீனைக் கீழே வைத்துவிட்டு, தெரு முழுக்கக் கேட்கக் கத்தினேன்:

"வாற ஞாயிறும் வருவாராம்!"