பத்தாவது அறை

பழவேற்காட்டில் உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கோட்டை கட்டி ஆண்டுகொண்டிருந்த காலம். நாதியற்ற விதவைகளுக்கு வீடு கொடுத்த புண்ணியவதி என்று ஒரு துரைசானியைச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்குத்தான் வயிறு எரிகிறது. அந்த இடத்தில் முதல் மூங்கிலை நட்டவள் தோணிரேவு ரங்கம்மாள்.

ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். பாடு ஆம்பிளைக்கு மட்டும்தான். புருஷன் கடலோடு போனதும் ரங்கம்மாளுக்குப் பாடும் போயிற்று, வீடும் போயிற்று. கொழுந்தன் அவள் சட்டிபானையைத் தெருவில் வைத்தான். அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. கரைமேட்டில் ஓலைக் கொட்டகை போட்டாள். அவளைப்போலத் துரத்தப்பட்டவர்கள் ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்து, பதினொரு பேர் ஆனார்கள். இறால் காயவைத்து விற்று ஒரே பானையில் பொங்கித் தின்றார்கள்.

அதைப் பார்த்துத் துரைசானி மனம் இளகினாள். கொட்டகையைப் பிரித்துவிட்டு ஓடு போட்ட அறைகள் கட்டிக்கொடுத்தாள். பேர் எழுத அவளுடைய மொழிபெயர்ப்பாளன் துபாஷி பெரியசாமி வந்தான்.

"பத்து அறை, பத்துப் பேரு. புருஷன் பேரைச் சொன்னாதான் விதவைனு எழுதுவேன்."

கட்டினவன் பேரை எவள் தன் வாயால் சொல்வாள்? பக்கத்தில் இருப்பவள்தான் சொல்ல வேண்டும். ஒன்பது பேருக்கும் ரங்கம்மாளே சொன்னாள். எழுதி முடிந்தவர்கள் நல்ல அறையாகப் பிடிக்க ஓடிவிட்டார்கள். மிச்சம் ரங்கம்மாளும் செல்வம்மாளும்.

"உன் புருஷன் பேரு இன்னா?" என்று துபாஷி ரங்கம்மாளைக் கேட்டான்.

"சொல்லுடி, செல்வம்."

செல்வம்மாள் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊற்றியவள் கேட்கிறாள், பாவி வாயைத் திறக்கவில்லை. இருப்பது ஒரே அறை.

"பேரு இல்லேன்னா புருஷனே இல்லேன்னு அர்த்தம்."

"துளசிங்கம்!" ரங்கம்மாள் கத்தினாள். வாழ்நாளில் முதல் தடவை. "எம் புருஷன் துளசிங்கம்யா! துளசிங்கம்!"

துபாஷி சிரித்தான். "தாலி கட்னவன் பேரை எவளாச்சும் இப்டிக் கூவுவாளா? நீயெல்லாம் ஒரு குடும்பப் பொம்பளையா? தள்ளிப்போ."

பிறகு அவன் செல்வம்மாள் பக்கம் திரும்பினான். "உன் புருஷன் பேரு?"

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ரங்கம்மாளைப் பார்த்தாள். வேறு யாரைப் பார்ப்பாள்?

"குப்பன்," என்றாள் ரங்கம்மாள். "அவ புருஷன் பேரு குப்பன். எழுதிக்கோ."