முழுங்காத ஆணி

சோபா பட்டறையில் என் அக்காவின் கணவருக்கு 'ஆணிவாய்' என்று பெயர். திட்டி வைத்த பெயரல்ல, தொழிலைப் பார்த்து வைத்தது. ஒரு பிடி சின்ன ஆணிகளை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். நாக்கு அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பி, கொண்டை முன்னால் வரும்படி உதட்டுக்குத் தள்ளும். காந்தச் சுத்தியலை அருகில் கொண்டுபோனால் ஆணி ஒட்டிக்கொள்ளும். ஓர் அடி, துணி மரச்சட்டத்தோடு இறுகிவிடும். துணியை இழுத்துப் பிடிக்க ஒரு கை, சுத்தியலுக்கு ஒரு கை. வாய்தான் மூன்றாவது கை.

எப்போதாவது ஓர் ஆணி உள்ளே போவதும் உண்டு. அதற்குப் பட்டறை வைத்தியம், இரண்டு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு மறந்துவிடுவது. "ஆணி முழுங்காதவன்லாம் ஒரு சோபாக்காரனா?" என்பார்கள். மச்சானும் முன்பு முழுங்கியிருக்கிறார். அது வயிற்றில் தங்காமல் போகவேண்டிய வழியில் போயிருக்கிறது.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் வந்து, "ஸ்பிரிங்கைக் கெட்டியா போடுங்கப்பா, மாமியார் ஒரு மாசம் தங்கப்போறாங்க" என்றார். அவர் படியிறங்கியதும் பாலிஷ் போடுபவர் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"ஒரு மாசமா? அப்ப ஆணியை மேல பாத்து அடிச்சிடலாமா?"

மச்சான் சிரித்துவிட்டார், வாய் நிறைய ஆணியோடு. அடுத்த நொடி இருமல். கண் சிவந்து, மிச்ச ஆணிகளைத் துப்பி, தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் இருமல் அடங்கியது.

"போச்சு. ஒண்ணு முழுங்கிட்டேன்."

வாழைப்பழம் வந்தது. ஆனால் ஆணி வெளியே வரவில்லை. யாராவது விசாரித்தால், "உள்ளயே இருக்கட்டும்யா, அவசரத்துக்கு ஆகும்" என்பார். உடம்புக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அந்த நல்ல நாட்கள்தான் அவரை ஏமாற்றின.

ஒரு மாதம் கழித்து வறட்டு இருமல் ஆரம்பித்தது. பிறகு மாலைக் காய்ச்சல். மருந்துக்கடை டானிக் இரண்டு பாட்டில் தீர்ந்தது. அக்கா போன் செய்தாள்.

"தம்பி, அவரு மூச்சுல நாத்தம் அடிக்குதுடா. சொன்னா சிரிக்கிறாரு. நீ கூப்பிட்டாதான் வருவாரு."

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். பட்டறையில் என் பேச்சு வந்தால் மச்சான் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வாராம். அந்த நெஞ்சைத்தான் நான் படம் எடுத்தேன். வலது நுரையீரலின் அடியில் ஆணி தெரிந்தது, கொண்டை கீழே, முனை மேலே. சுற்றிலும் வெள்ளையாகச் சீழ்.

"அதெப்படி மாப்ள? நான் முழுங்கினது வயித்துக்குல்ல போகணும்?" பக்கத்திலிருந்த தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்துக் காட்டினார். "பாரு. தொண்டையில என்ன குறை?"

ஒரு குறையும் இல்லை. முப்பது வயதுத் தொண்டை. படிக்கிற காலத்தில் எங்களையே வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து, இளம் வயதில் விழுங்குவது எப்படி நடக்கிறது என்று ஓடும் எக்ஸ்ரேயில் காட்டினார்கள். நாக்கு மேல்வாயோடு ஒட்டிப் பின்னுக்குத் தள்ளும். அண்ணத்தின் மென்சதை மேலேறி மூக்குவழியை அடைக்கும். குரல்வளை எழும்பும், அதன் மூடி கவிழும், மூச்சு நிற்கும். பின்னால் உணவுக்குழாய் திறந்து வாங்கிக்கொள்ளும். எல்லாம் ஒரு நொடிக்குள். நாக்கு தள்ளும் வரைதான் நம் இஷ்டம். அதற்கப்புறம் உடம்பு நம்மைக் கேட்காது.

"முழுங்கறப்ப மூச்சுக்குழாய்க்குக் கதவு சாத்திடும் மச்சான். சிரிக்கறப்ப கதவு திறந்து கிடக்கும். நீங்க முழுங்கல. மூச்சோட இழுத்துட்டீங்க."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப வாழைப்பழம் தின்னது தண்டம்னு சொல்லு."

வாய்வழியாகக் குழாய் விட்டு எடுக்கப் பார்த்தார்கள். ஆணியைச் சுற்றிச் சதை வளர்ந்து மூடியிருந்தது, தொட்டால் ரத்தம். நுரையீரலின் அந்தப் பாகத்தையே வெட்டி எடுப்பதுதான் வழி என்றார் மருத்துவர். வெட்டினார்கள். அதற்குள் சீழ் ரத்தத்தில் கலந்திருந்தது. மச்சான் கண் திறக்கவில்லை.

சீருடையில் நின்ற என்னை ஓரமாக அழைத்து, "உங்க அக்காதானே? நீங்களே சொல்லிடுங்க" என்றார் மருத்துவர். சொன்னேன். அக்கா அழவில்லை. சுவரில் கைவைத்து நின்றாள்.

"நெஜமாவே முழுங்கியிருந்தா?"

"பொழச்சிருப்பாருக்கா. தானா வெளிய வந்திருக்கும்."

"அப்ப, சிரிச்சதாலயா?"

படித்தவன் என்று என்னிடம்தான் கேட்டாள். ஆமாம் என்றேன். முகத்தைப் பார்க்க உள்ளே விடும்வரை இருவரும் நின்றுகொண்டே இருந்தோம்.