அவள் சுருதி ஐந்து

ஒரு பெண்ணின் குரலை நான் கெடுத்தேன். இன்றுவரை அது அவளுக்குத் தெரியாது... தெரியாது என்றுதான் நம்புகிறேன்.

நம்பிக்கைகூட அல்ல. பயம்.

தென் கல்கத்தாவில் எங்கள் தமிழ்ச் சபை குளிர்காலந்தோறும் இளம் கலைஞர்களுக்கு இசைவிழா நடத்துகிறது. எந்த ஞாயிறு யார் என்ன பாடினார் என்று என்னைத்தான் கேட்பார்கள். மேடையோரம் சுருதிப் பெட்டியைக் கவனிப்பதும் என் பொறுப்பு. ஒவ்வொரு குரலுக்கும் ஏற்ற சுருதி அளவு ஒன்று உண்டு; அதைக் கட்டை என்போம், எண் கூடினால் உயரம் கூடும். பாடுபவர் மாறும்போது குமிழைத் திருப்பி வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை!

பெருந்தொற்றுக்குப் பிறகு கூடிய முதல் விழா. கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பிலிருந்து வந்த வசுதாவுக்கு அதுதான் முதல் மேடை. அவள் கட்டை ஐந்து. அவளுக்கு முன் பாடிய சிறுமிக்கு ஐந்தரை. இருவருக்கும் ஒரே பக்கவாத்தியக்காரர்கள்.

"மாமா, சுருதி மாத்தணுமா, அதேதானா?" என்று வயலின்காரர் கேட்டார்.

நான் செயலாளரோடு வாதாடிக்கொண்டிருந்தேன். சபையின் முதல் விழா எந்த வருடம் என்று! ஆண்டுமலரில் அவர் தப்பாக அச்சிட்டதை நாலு பேர் கேட்கச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பாராமலே, "அதேதான், அதேதான்" என்றேன்.

வர்ணம் பாதி தாண்டியபோது குமிழைப் பார்த்தேன். ஐந்தரையில் நின்றது.

வர்ணம் முடிந்ததும் நிறுத்திச் சொல்லியிருக்கலாம்... ஏன் சொல்லவில்லை? அடுத்தவரின் தவறைச் சிரித்துக்கொண்டே திருத்திய வாயால் என் தவறைச் சொல்லக் கூசியதா? அவ்வளவு அற்பமானவனா நான்!

அரைக் கட்டைதானே என்று நீங்கள் நினைக்கலாம். மேல்ஸ்தாயியில் அது ஒரு மாடி உயரம். பிரதான கீர்த்தனையில் அவள் குரல் உடைந்தது. மறுபடி முயன்றாள். மறுபடி உடைந்தது. முன்வரிசையில் அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த மலரில் விழாக் குறிப்பு எழுதியவனும் நானே. 'குரல் இன்னும் பக்குவப்பட வேண்டும்.' கை கூசாமல் எழுதினேன்.

இந்தக் குளிர்காலம் அவள் மீண்டும் வந்தாள். வயது வரம்பின்படி இது அவளுக்குக் கடைசி விழா. நிகழ்ச்சி நிரலில் பெயரைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கண்டுபிடித்திருப்பாளோ? எல்லோர் முன்னாலும் கேட்பாளோ?

மேடைக்குப் பின்னால் நேராக என்னிடம் வந்தாள்.

"கீ கபோர், என்ன சேதி மாமா? இந்தக் குளிருக்கே இப்படி நடுங்கறேளே! அப்பா மாதிரி நீங்களும் மங்க்கி கேப் போட்டுக்கோங்கோ." சிரித்தாள். "எனக்கு நாலுல வச்சிடுங்கோ."

"நாலா? உன் சுருதி அஞ்சாச்சே..."

"அஞ்சு என் குரல் இல்லைன்னு அன்னிக்கே இந்த மேடையில தெரிஞ்சுபோச்சே! நீங்களும் எழுதியிருந்தேளே. டீச்சர் வேண்டாம்னார். நான்தான் பிடிவாதமா இறக்கிண்டேன்."

வாயைத் திறந்தேன். "தீதி, ரெடி?" என்று வங்காளி ஒலிபெருக்கிக்காரர் அவளுக்குக் குரல் கொடுத்தார். மூடிக்கொண்டேன்.

குமிழை நாலில் வைத்தேன். சரிபார்த்தேன். மறுபடியும் சரிபார்த்தேன்.

கீழே இறங்கியபோதெல்லாம் அவள் குரல் வெறும் காற்றாகப் போயிற்று. பின்வரிசைக்கு எட்டியிருக்காது. மேலேயோ அலுங்காமல் ஏறி, சட்டென்று நின்றுகொண்டாள். அதற்கு மேலும் எவ்வளவோ இடம் இருந்தது! அது தனக்கு உண்டென்றே அவளுக்குத் தெரியவில்லை. மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

இறங்கி வந்தவளின் கண்கள் நிறைந்திருந்தன. "ஒரு இடத்துலயும் உடையலை, பார்த்தேளா மாமா!"

"பார்த்தேன்."

"அன்னிக்குப் பாடினதை அப்பா ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கார். பயந்துண்டு இதுவரைக்கும் கேட்டதே இல்லை. இனிமே தைரியமா கேப்பேன்."

கேட்பாள். இத்தனை காலம் தேறிய காது அது. பாட்டுவரைக்கும் போக வேண்டியதில்லை. பெட்டியின் முதல் ஒலியிலேயே ஐந்தரை என்று கண்டுகொள்வாள்.

அதற்குமுன் நானே சொல்லிவிடலாம். முன்பின் தெரியாத உங்களிடம் சொல்ல முடிந்ததே, அவளிடம் ஏன் முடியவில்லை?

தொலைபேசி கையில்தான் இருக்கிறது. அவளை அழைப்பதற்காக அல்ல... அது அடித்துவிடக் கூடாதே என்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.