அரை அங்குல நாடா

1986 டிசம்பர் ஆறாம் தேதி, சனிக்கிழமை, மாலை நாலே முக்கால். வாடைக்காற்று ஏரிப் பக்கமிருந்து தூறலைச் சாய்த்து அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் குப்பத்து மீனவர் சங்கக் கட்டடத்தில் முப்பத்தெட்டுப் பேர் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். என் கையில் ஒரு வீடியோ கேசட் இருந்தது. அது சங்கத்து டெக்குக்குள் போகவில்லை. கேசட் பெரியது, டெக்கின் வாய் சிறியது.

அந்த டெக்கைத் தேர்ந்தெடுத்தவன் நான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சங்கத்துக்குச் செயலாளர். முந்தின வருஷம் டெலிவிஷனோடு சேர்த்து ஒரு டெக்கும் வாங்கலாம் என்று தீர்மானித்தபோது, படித்தவர் என்று என்னைத்தான் சென்னைக்கு அனுப்பினார்கள். கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். வி.எச்.எஸ். வகையைப் பல கம்பெனிகள் செய்கின்றன, யார் செய்த கேசட்டும் யார் செய்த பெட்டியிலும் ஓடும் என்றார். பீட்டா வகையைச் செய்கிறவர்கள் குறைவு, ஆனால் படம் இன்னும் துல்லியம் என்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். பீட்டாவில் நடிகையின் புடவைக் கரையிலிருந்த கட்டங்களை எண்ண முடிந்தது. மற்றதில் எண்ண முடியவில்லை. ஊரெல்லாம் செய்கிற சரக்கு மட்டமாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, பீட்டாவையே வாங்கிவிட்டேன். நம் பக்கத்தில் எந்தக் கேசட் கிடைக்கும் என்று விசாரிக்கவில்லை.

பொன்னேரியில் கேசட் வாடகைக் கடைகள் மூன்று. மூன்றிலும் வி.எச்.எஸ்.தான். ஆகவே சென்னையில் நான் வாங்கிவந்த பதினோரு படங்களையே திரும்பத் திரும்பப் பார்த்தோம். ஏரியில் வலை போடும் இடங்களை முறைவைத்துப் பிரித்துக்கொள்வதை இங்கே பாடு என்பார்கள். வாராவாரம் எந்தப் படம் என்பதற்கும் அப்படியே பாடு வைத்தார்கள். எந்தப் பாடு விழுந்தாலும் ஏற்கெனவே பார்த்த படமாகவே இருந்தது.

டெக் வெளிநாட்டுச் சரக்கு. நம் கரண்டுக்கு ஒத்துவர ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கினேன். அதை மாட்டியதும் படத்தில் கோடு ஓடியது. கோட்டை நிறுத்த ஸ்டெபிலைசர் வந்தது. பிறகு டி.வி.யோடு இணைக்கும் வயரின் முனை சேரவில்லை என்று ஒரு அடாப்டர். அடாப்டரை யாராவது விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டால்தான் சத்தம் வரும். வலை கோப்பதில் பெயர்பெற்றவர் ஒருவர் எப்போதும் முன்வரிசையில் இருப்பார்.

"இன்னா வாத்யாரே, பொட்டிக்கு இன்னும் பசி அடங்கலியா?" என்பார். "பொண்ண கட்டிக்குடுத்தாக்கூட இவ்ளோ சீரு கேக்க மாட்டாங்களே."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்குப் போய் டெக்கின் கையேட்டைத் திரும்பப் படிப்பேன்.

அன்றைக்கு வந்த வி.எச்.எஸ். கேசட் சினிமாப்படம் அல்ல. கருவாடு விற்றுப் பிழைக்கும் ஒரு அம்மா, கணவர் இல்லை. அவருடைய மகன் வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகியிருந்தது. அவனுக்கு எழுதத் தெரியாது. தங்கைக்குத் தையில் கல்யாணம் வைக்கலாமா, நீ வந்துவிடுவாயா என்று அந்த அம்மாவுக்காக நான்தான் கேட்டு எழுதினேன். கூட இருந்தவன் ஒருவனிடம் கேமரா இருந்ததால், மகன் அதன் முன் உட்கார்ந்து பேசி, ஊர் திரும்பிய பழவேற்காட்டு வியாபாரி ஒருவரிடம் கேசட்டைக் கொடுத்தனுப்பியிருந்தான். அவன் என்ன பேசியிருக்கிறான் என்று வியாபாரிக்கும் தெரியாது. நாள் குறிக்காமல் மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள்.

"இன்னிக்கு வுட்டுடுங்க சார்," என்றார் வியாபாரி. "நாளைக்குப் பொன்னேரிலேர்ந்து வேற டெக்கு வாடகைக்கு எடுத்தாந்து போட்டுக்கலாம்."

அதுதான் சரி என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் வாடகை டெக் அந்தக் கட்டடத்துக்குள் வந்தால், நான் வாங்கியது தவறு என்பது எல்லோர் முன்னாலும் தீர்ந்துபோகும். நான் அந்தப் பெரிய கேசட்டையும் எங்கள் கேசட் ஒன்றையும் திறந்தேன். ஸ்கேல் வைத்து அளந்தேன். இரண்டு நாடாக்களும் அரை அங்குல அகலம். நாடாவை மட்டும் உருவி எங்கள் கேசட்டுக்குள் சுற்றிவிட்டால் போதும் என்றேன்.

வலை கோப்பவருக்கு அது உடனே விளங்கிவிட்டது. "கரெக்ட் வாத்யாரே. கண்ணி ஒண்ணா இருந்தா, மக்கின கயித்துலேர்ந்து வலைய அவுத்து வேற கயித்துல கட்டறோம்ல. அதே கதைதான்."

கூட்டம் ஆமாம் என்றது. குப்பத்தில் அத்தனை பேரும் அப்படிக் கயிறு மாற்றிக் கட்டியவர்கள்.

"பாத்து சார்," என்றார் அந்த அம்மா. "எம்புள்ள அதுக்குள்ள கீறான்."

எங்கள் படம் ஒன்றின் நாடாவை வெளியே எடுத்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் இதைச் சுற்றினோம். நான் பென்சிலால் சுற்ற, வலை கோப்பவர் ஈரக் கையால் நாடாவைப் பிடித்து விட்டுக்கொண்டே வந்தார். நாடா இரண்டு இடத்தில் முறுக்கிக்கொண்டது. கேசட்டின் விளிம்பில் உரசி உரசி மேலோரம் நெளிந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. டெக்கில் போட்டோம். திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் புள்ளிகள். தகரக் கூரையில் மழை விழுவதுபோல் ஒரு இரைச்சல். அடாப்டரை மாற்றி மாற்றி அழுத்தினார்கள். ஸ்டெபிலைசரைத் தட்டினார்கள்.

அகலம் ஒன்றுதான். பதிந்திருந்த முறை வேறு. எங்கள் பள்ளியில் ஒரே அளவுத் தாளில் ஒருவன் தமிழும் பக்கத்து பெஞ்சில் ஒருவன் தெலுங்கும் எழுதினார்கள். தினமும் அதைப் பார்த்தவன், அன்றைக்குத் தாளை மட்டும் அளந்தேன்.

சென்னைக்கு எடுத்துப் போனேன். கடையில் நாடாவைப் பழைய கேசட்டுக்கே மாற்றிக் கொடுத்தார்கள். மேலோரத்தில்தான் சத்தம் இருக்கும், அது கசங்கிப்போய்விட்டது, இனி படம் மட்டும்தான் என்றார்கள். அடுத்த சனிக்கிழமை நானே பொன்னேரியிலிருந்து வி.எச்.எஸ். டெக் எடுத்துவந்தேன். எந்த அடாப்டரும் இல்லாமல் ஓடியது.

மகன் நீலச் சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பேசினான். தலையாட்டினான். நாலு விரலை ஒவ்வொன்றாக மடக்கினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். சத்தம் துளியும் இல்லை.

"இன்னா சொல்றான் சார்?" என்று கேட்டார் அந்த அம்மா. "நீங்க படிச்சவரு. வாயப் பாத்தா தெரியுமே."

தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு கடிதம் எழுதிக் கேட்போம் என்று சொல்லியிருக்கலாம். கெடுத்ததற்கு ஈடாக எதையாவது கொடுத்தாக வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தேன்.

"வரேன்னுதாம்மா சொல்றான்," என்றேன்.

"நானும் அப்படித்தான் பாத்தேன். தலையாட்டினான்ல," என்று அவர் பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார். மறுநாளே தையில் நாள் குறித்தார்கள்; அதை மகனுக்கு நான்தான் எழுதிப் போட்டேன்.

மகன் வரவில்லை. முகூர்த்தம் வரைக்கும் அந்த அம்மா பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மணப்பெண்ணின் கையில் அண்ணன் பொரி இட வேண்டிய நேரத்தில், பெரியப்பா மகன் ஒருவனைக் கூப்பிட்டு இடச்சொன்னார்கள். கல்யாணம் முடிந்த பின்பு அவனுக்காக யாரோ எழுதிக்கொடுத்த பதில் கடிதம் வந்தது. என்னிடம்தான் படிக்கக் கொண்டுவந்தார். வைகாசியில்தான் லீவு கிடைக்கும், நாலு மாசம் தள்ளி வை, நானே நின்று நடத்தவேண்டும் என்று கேசட்டில் அழாத குறையாகச் சொன்னேனே, எனக்காகப் பொறுக்கக்கூடாதா, இனி ஊருக்கு எதற்கு வரவேண்டும் என்றிருந்தது. நாலு விரல்களையும் நான் பார்த்திருந்தேன்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "வரான்னு சொன்னீங்களே சார்," என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு அவன் இரண்டு மாதம் கடிதமும் போடவில்லை, பணமும் அனுப்பவில்லை.

வியாபாரியிடம், அவன் தங்குமிடத்துக்குப் பக்கத்துக் கடையின் டெலிபோன் நம்பரை வாங்கி, பொன்னேரியில் டிரங்கால் போட்டேன். இரண்டாம் நாள்தான் லைன் கிடைத்தது. குற்றம் என்னுடையது என்று முதலில் நான் சொல்லிவிட நினைத்திருந்தேன். ரிசீவரை அந்த அம்மா வாங்கிக்கொண்டார்.

"கோச்சிக்காத நைனா," என்றார். "நீ தெளிவாத்தான் சொன்ன. நம்ம வாத்யாருக்குத்தான் காது சரியாக் கேக்கறதில்ல. பாவம், நான் கருவாடு விக்கப் போயிருந்தப்ப அவரு மட்டும் கேட்டு, தப்பாச் சொல்லிட்டாரு. அவர இன்னான்னு சொல்ல முடியும்?"

அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. என் காதில் ஒரு குறையும் இல்லை. மறுமுனையில் அவன் சிரிப்பதுகூட எனக்குக் கேட்டது. பக்கத்தில் நின்றுகொண்டு, காது கேளாதவனைப்போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாடா மாற்றிய கூலி, டெக் வாடகை, அழித்த படத்துக்காகச் சங்கத்தில் கட்டியது, பஸ், ஆறு நிமிட டிரங்கால் எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது ஐந்நூற்றுப் பதினேழு ரூபாய் நாற்பது காசு.